கால்வே நகரத் தொகுதி: கேப்டன் ஓஷேவுக்காகப் பார்னெல் ஏன் அவ்வளவு தூரம் இறங்கினார்?

வாக்குச்சாவடி பாலு (இழையைத் தொடங்கியவர்)

ஐரிஷ் தேசியக் கட்சித் தலைவர் பார்னெலைப் பற்றி எங்கே படித்தாலும் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். 1886 பிப்ரவரி, அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே நகரத் தொகுதி இடைத்தேர்தல்.

அப்போது மனிதர் உச்சத்தில் இருக்கிறார். 1885 பொதுத்தேர்தலில் லிபரல்களுக்கு 335, கன்சர்வேட்டிவ்களுக்கு 249, பார்னெல் கட்சிக்கு 86. கூட்டிக் கழித்தால் 335-249 என்பதும் அதே 86. அதாவது லண்டனில் யார் ஆட்சி என்பதை அவர் விரல்தான் தீர்மானிக்கிறது. லிபரல் தலைவர் கிளாட்ஸ்டன் ஹோம் ரூல் (அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம்) பக்கம் சாய்ந்துவிட்டார். இந்த நேரத்தில் போய், கட்சி உறுதிமொழியில் கையெழுத்துக்கூடப் போடாத கேப்டன் வில்லியம் ஓஷேவைக் கால்வேயில் நிறுத்தியே தீருவேன் என்று சொந்தக் கட்சிக்காரர்களோடு மல்லுக்கு நிற்கிறார். ஓஷேவின் மனைவி கேத்தரினோடு பார்னெலுக்கு இருந்த உறவுதான் காரணம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அது மட்டும்தானா? ஏன் குறிப்பாகக் கால்வே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செண்பகம் டீச்சர்

பாலு, முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சண்டை போடலாம்.

ஓஷே 1880-ல் கிளேர் மாவட்டத்திலிருந்து எம்.பி. ஆனவர். 1882-ல் பார்னெல் கில்மைனம் சிறையில் இருந்தபோது கிளாட்ஸ்டன் அரசோடு நடந்த பேச்சுக்கு இடையில் ஓடிய ஆள் இவர்தான். நாடாளுமன்றத்தில் தேசியக் கட்சியோடு உட்காராமல் லிபரல்கள் பக்கம் உட்கார்வார். அதனால் 1885-ல் அயர்லாந்தில் எந்தத் தொகுதியும் இவரைச் சீண்டவில்லை. பார்னெலே லிவர்பூல் எக்ஸ்சேஞ்ச் தொகுதிக்கு அழைத்துப்போய் இவருக்காக வாக்குக் கேட்டார். 55 வாக்கில் தோல்வி.

அதே தேர்தலில் டி.பி. ஓ'கானர் இரண்டு இடத்தில் ஜெயித்திருந்தார்: கால்வே நகரம், லிவர்பூல் ஸ்காட்லாந்து. (ஸ்காட்லாந்து என்பது அங்கே ஒரு சாலையின் பெயர். ஐரிஷ் மக்கள் நெருக்கமாகக் குடியிருந்த பகுதி.) அவர் லிவர்பூலை வைத்துக்கொண்டு கால்வேயை விட்டுக்கொடுத்தார். இடம் காலி. பார்னெல் ஓஷேவை அங்கே கொண்டுவந்தார்.

கட்சிக்குள் பெரும்பாலோர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். சும்மா இருக்காதவர்கள் இரண்டு பேர்: ஜோசப் பிகர், டிம் ஹீலி. இருவரும் ரயிலேறிக் கால்வேக்கே போய், உள்ளூர்க்காரரான மைக்கேல் லிஞ்சை நிறுத்திப் பிரசாரத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஊரும் லிஞ்ச் பக்கம்தான். கேத்தரின் விஷயத்தை மேடையிலேயே போட்டு உடைக்கப் பிகர் தயாராக இருந்தார். அந்தக் குடும்பத்தால்தான் உங்களுக்கு அழிவு என்று பார்னெலுக்கே தந்தி அனுப்பினார்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் பார்னெல் வந்து இறங்கினார். ரயில் நிலையத்தில் கூடியிருந்தவர்கள் வரவேற்க வந்தவர்கள் அல்லர். மனிதர் அசரவில்லை. நிலையத்தை ஒட்டிய ஹோட்டலுக்குப் போய் ஹீலியை உட்காரவைத்துப் பேசினார். அயர்லாந்துக்கான நாடாளுமன்றம் என் கைக்குள் இருக்கிறது, என்னை வீழ்த்தினால் அதையும் சேர்த்து வீழ்த்துகிறீர்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். ஹீலி இறங்கிவந்தார். பிகர் கடைசிவரை இறங்கவில்லை. லிஞ்ச் விலகிக்கொண்டார். ஆனாலும் வாக்கெடுப்பு நடந்தது. ஓஷே 942, லிஞ்ச் 54.

நாலே மாதம். ஜூன் 8 அதிகாலை ஹோம் ரூல் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது ஓஷே ஆதரித்து வாக்களிக்கவில்லை, நழுவிவிட்டார். மசோதா 313-க்கு 343 என்று தோற்றது. கால்வே கொடுத்த 942 வாக்குக்கு இதுதான் பலன்.

---

ஒற்றை_வாக்கு

டீச்சர், பிகரை ஒழுக்க வீரராகக் காட்டாதீர்கள். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றினார் என்று 1883-ல் ஒரு பெண் அவர்மேல் வழக்குப் போட்டு 400 பவுன் நஷ்டஈடு வாங்கினார். அந்த மனிதருக்குக் கால்வேயில் திடீரென்று ஒழுக்கம் ஞாபகம் வந்துவிட்டதாம்!

---

செண்பகம் டீச்சர்

வழக்கு உண்மைதான். ஆனால் பிகரின் கோபம் படுக்கையறை பற்றியது மட்டும் என்று நினைத்தால் அவரைத் தப்பாக எடைபோடுகிறோம். பெல்ஃபாஸ்ட்டில் பன்றிக்கறி வியாபாரம் செய்த, முதுகு வளைந்த குட்டை மனிதர். நாடாளுமன்றத்தில் மணிக்கணக்காக அரசு அறிக்கைகளை வாசித்தே வேலையை முடக்கும் உத்தியைக் கண்டுபிடித்தவர். பார்னெல் அந்த உத்தியை அவரிடம்தான் கற்றார். கட்சிக்கென்று ஒரு விதி இருக்கிறது: சேர்ந்து உட்காருவோம், சேர்ந்து வாக்களிப்போம் என்று உறுதிமொழி கொடுக்காதவருக்கு சீட் கிடையாது. தலைவரே அதை உடைத்தால் கட்சி என்று எதைச் சொல்வது? பிகரின் கேள்வி இது.

---

வக்கீல் ராமானுஜம்

பாலுவின் இரண்டாவது கேள்வி, ஏன் கால்வே என்பது. அதற்குத் தொகுதியின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய ஐரிஷ் நாடாளுமன்றத்தில் 300 பேர். 150 தொகுதிகள், தொகுதிக்கு இரண்டு பேர். அதில் பெரும்பகுதி நகரத் தொகுதிகள், அவற்றில் பலவும் ஏதோ ஒரு பிரபுவின் சட்டைப்பையில் இருந்தவை. 1801-ல் பிரிட்டனோடு இணைப்பு வந்தபோது அயர்லாந்துக்கு 100 இடம்தான் என்றார்கள். ஒழிக்கப்பட்ட நகரத் தொகுதிகளின் முதலாளிகளுக்குத் தொகுதிக்கு 15,000 பவுன் நஷ்டஈடு வேறு! கால்வே தப்பித்தது, ஆனால் இரண்டு இடம் ஒன்றாகியது. 1832-ல் மறுபடி இரண்டு. 1885 மறுசீரமைப்பில் சின்ன நகரங்கள் எல்லாம் பக்கத்து மாவட்டத்தோடு கரைந்தன. அயர்லாந்து முழுவதும் நகரத் தொகுதியாக மிஞ்சியவை டப்ளின், பெல்ஃபாஸ்ட், கார்க், லிமரிக், வாட்டர்ஃபோர்ட், டெரி, கில்கென்னி, நியூரி, கால்வே மட்டும். கால்வேக்கு ஓரிடம்.

இப்போது பார்னெலின் இடத்தில் இருந்து யோசியுங்கள். ஒரு மாவட்டத் தொகுதியில் ஆளை இறக்க வேண்டுமானால் ஊர் ஊராக விவசாயிகள், பாதிரியார்கள், நேஷனல் லீக் (பார்னெலின் மக்கள் இயக்கம்) கிளைகள் என்று அத்தனை பேரையும் சரிக்கட்ட வேண்டும். கால்வே நகரத்தில் பதிவான மொத்த வாக்கே 996. ஒரு ராத்திரி ஹோட்டலில் உட்கார்ந்து பத்துப் பேரிடம் பேசினால் முடிந்தது. இடம் வேண்டிய ஆளைத் திணிக்க இதைவிட வசதியான தொகுதி கிடையாது. பார்னெலுக்கு முன்னாலும் பின்னாலும் கால்வேயை அப்படித்தான் பயன்படுத்தினார்கள் என்பது என் வாதம்.

---

சால்ட்ஹில் சரவணன்

கால்வேயிலேயே வேலை பார்க்கிறேன் என்பதால் நுழைகிறேன். டீச்சர் சொன்ன ஹோட்டல் இன்றும் இருக்கிறது. ஐர் சதுக்கத்தில், ரயில் நிலையத்தை ஒட்டிய சாம்பல் நிறக் கல் கட்டடம். 1851-ல் டப்ளினிலிருந்து இருப்புப்பாதை வந்தபோது ரயில் கம்பெனியே கட்டியது. பெயர் பலமுறை மாறிவிட்டது. நடைமேடையிலிருந்து அதன் வாசலுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாகப் போனால் மழையில் முழுசாக நனைவதற்குள் போய்விடலாம். பார்னெல் கூட்டத்துக்குள் நடந்த தூரம் அவ்வளவுதான்.

வக்கீல் சாரின் வாதத்தை நான் பாதிதான் ஏற்பேன். வெளியூர்க்காரர்கள் கால்வேயைப் பயன்படுத்தினார்கள், சரி. ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களைப் பயன்படுத்தப் பார்த்தார்கள். ஜான் ஒரல் லீவர் கதை தெரியுமா?

லீவர் மான்செஸ்டர் பருத்தி வியாபாரி. ஐரிஷ்காரரும் இல்லை, கத்தோலிக்கரும் இல்லை. 1840-களின் பஞ்சத்தில் நொறுங்கிப்போன ஊருக்கு 1858-ல் வந்து, இங்கிருந்து அமெரிக்காவுக்கு நீராவிக் கப்பல் விடுகிறேன் என்றார். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் இருக்கிற துறைமுகம், லண்டன் தபாலை ரயிலில் கொண்டுவந்து இங்கே கப்பலேற்றினால் நாள்கணக்கில் மிச்சம். கணக்கு சரிதான். ஊரே கொண்டாடியது. உள்ளூரில் செல்வாக்கான பாதிரியார் பீட்டர் டேலி தோளோடு தோளாக நின்றார். 1859-ல் லீவர் கால்வே எம்.பி.! அதே ஆண்டு பிரதமர் டெர்பியின் அரசு தபால் ஒப்பந்தம் கொடுத்தது, ஆண்டுக்கு 78,000 பவுன்.

அப்புறம் வரிசையாகக் கண்டம். 'இந்தியன் எம்பயர்' என்ற கப்பல் முதல் பயணத்துக்கு வரும்போதே, 1858 ஜூன் மாதம், விரிகுடாவுக்குள் மார்கரீட்டா பாறையில் ஏறிவிட்டது. அத்தனை அகலமான விரிகுடாவில் அந்த ஒரு பாறையில் போய் மோதுவதா என்று வழிகாட்டிகள்மேல் சந்தேகம். லிவர்பூல்காரன் காசு கொடுத்துவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. 1860-ல் புதுக் கப்பலான 'கானாட்' பாஸ்டனை நெருங்கும்போது ஓட்டை விழுந்து, தீயும் பிடித்து முழுகியது. கிட்டத்தட்ட 600 பேர். அத்தனை பேரையும் 'மின்னி ஷிஃபர்' என்ற சின்னப் பாய்க்கப்பல் அள்ளிக் காப்பாற்றியது. ஒருவர்கூடச் சாகவில்லை என்பதே அதிசயம். 1861-ல் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பாதிரியார் டேலி லண்டனுக்கே போய், ஐரிஷ் உறுப்பினர்களின் வாக்கைக் காட்டிப் பிரதமர் பாமர்ஸ்டனிடம் பேரம் பேசினார். ஒப்பந்தம் திரும்ப வந்தது. ஆனால் 1864-ல் கம்பெனியே படுத்துவிட்டது.

கப்பல் போனதும் அடுத்த தேர்தலில் லீவரும் போனார். ஆனால் 1880-ல் அதே மனிதரைக் கால்வே மறுபடியும் தேர்ந்தெடுத்தது! கூட ஜெயித்தவர் டி.பி. ஓ'கானர். துறைமுகம் வரும் என்ற ஆசை அவ்வளவு லேசில் விடவில்லை. இதைத் திணிப்பு என்பீர்களா, வியாபாரம் என்பீர்களா?

---

வக்கீல் ராமானுஜம்

வியாபாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் சரவணன், அதிலும் கால்வே பழம் தின்று கொட்டை போட்ட ஊர். லீவர் வருவதற்கு முன்பே இருக்கிறது பழக்கம். 1857 தேர்தலுக்குப் பிறகு ஆன்டனி ஓ'ஃப்ளாஹர்ட்டியின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, ராஜ கமிஷனே வந்து உட்கார்ந்து விசாரித்தது. 'ஃப்ரீமேன்' என்று ஒரு பழைய வாக்காளர் வகை. நகரசபை உரிமை பெற்ற கைத்தொழிலாளிகள்: தச்சர், கொத்தனார், செம்மான் இப்படி. சொத்து இல்லாவிட்டாலும் வாக்கு உண்டு. அவர்களில் பெரும்பகுதி காசு வாங்கித்தான் வாக்குப் போட்டார்கள் என்று கமிஷன் கண்டுபிடித்தது.

---

செண்பகம் டீச்சர்

அந்த விசாரணை அறிக்கைகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 1872 வரை ரகசிய வாக்கு கிடையாது. எல்லார் முன்னாலும் மேடையேறி யாருக்கு வாக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது புத்தகத்தில் பதிவாகும். வீட்டுக்காரன் கேட்டுக்கொண்டிருப்பான், கடன் கொடுத்தவன் கேட்டுக்கொண்டிருப்பான், பாதிரியார் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தத் தச்சர் எப்படி வாக்களித்தாலும் யாரோ ஒருவரின் பகை நிச்சயம். அதற்கு ஈடாக ஏதாவது கிடைத்தால் வாங்கிக்கொண்டார். நான் அதை நியாயப்படுத்தவில்லை, ஆனால் ஊழலின் மொத்தப் பழியையும் அந்தச் சம்மட்டிக்காரன், செருப்புத் தைப்பவன் தலையில் கட்ட மனம் வரவில்லை. காசு கொடுத்தவர்களில் எத்தனை பேர் உள்ளே போனார்கள்?

மேல்தட்டில் நடந்த வியாபாரத்தைப் பாருங்கள். இணைப்புச் சட்டத்தை எதிர்த்ததற்காக 1799-ல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அரசு வழக்கறிஞரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். அந்த நாற்காலி இணைப்பை ஆதரித்த செயின்ட் ஜார்ஜ் டேலிக்குப் போனது. அப்போதைய கால்வே எம்.பி. அவர்தான். 1801-ல் நீதிபதியும் ஆகிவிட்டார். அவருக்கு எந்தக் கமிஷனும் வரவில்லை.

---

ஒற்றை_வாக்கு

டேலி என்றால் லீவரோடு நின்ற பாதிரியார் டேலி வீடா?

---

செண்பகம் டீச்சர்

இல்லை. இவர்கள் 'டன்சாண்டில்' என்ற இடத்து ஜமீன், நகரசபையைப் பரம்பரையாகக் கையில் வைத்திருந்தவர்கள். கத்தோலிக்கர் நிறைந்த ஊர், நகரசபை மட்டும் புராட்டஸ்டன்ட் கையில். கத்தோலிக்கருக்கு வாக்குரிமை 1793-ல், எம்.பி. ஆகும் உரிமை 1829-ல்தான் வந்தது.

---

பழைய பேப்பர்

யாரும் 1847 இடைத்தேர்தலைத் தொடவில்லையே. எனக்குக் கால்வேயின் சரித்திரத்திலேயே அதுதான் நெஞ்சை அடைக்கிற தேர்தல்.

1847 பிப்ரவரி. பஞ்சத்தின் மிக மோசமான குளிர்காலம். பக்கத்துக் கானமாராப் பகுதியிலிருந்து மக்கள் நடந்தே கால்வேக்கு வந்து தெருவில் விழுந்து சாகிறார்கள். அந்த நேரத்தில் எம்.பி. வாலன்டைன் பிளேக் இறந்து இடைத்தேர்தல். லண்டனில் ஆண்டுகொண்டிருந்த விக் கட்சி, தன் அரசு வழக்கறிஞர் ஜேம்ஸ் ஹென்றி மோனஹனை நிறுத்துகிறது. எதிரே இணைப்பை ரத்து செய்யச் சொல்லும் ஆன்டனி ஓ'ஃப்ளாஹர்ட்டி, வக்கீல் சார் சொன்ன அதே ஆள். யங் அயர்லாந்து என்ற தீவிரத் தேசியவாத இயக்கத்து இளைஞர்கள் டப்ளினிலிருந்து வந்து அவருக்காக வேலை செய்தார்கள். மோனஹன் நாலே வாக்கில் ஜெயித்தார். அதே ஆண்டு பொதுத்தேர்தலில் ஓ'ஃப்ளாஹர்ட்டி இடத்தைப் பிடித்துவிட்டார்.

மோனஹன் அதற்குள் அட்டர்னி ஜெனரல். 1848-ல் யங் அயர்லாந்து கலகம் தோற்றதும் அதன் தலைவர் வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன்மேல் ராஜத்துரோக வழக்கை நடத்தியவர் அவர்தான். தூக்குத் தண்டனை, பிறகு அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு ஓ'பிரையன் டாஸ்மேனியாவுக்குப் போனார்.

இப்போது தொகுதியின் கடைசி எம்.பி. யார் என்று பாருங்கள். 1906 முதல் 1918 வரை ஸ்டீஃபன் குவின், எழுத்தாளர். அவருடைய தாய்வழித் தாத்தா யார்? வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன்.

---

வாக்குச்சாவடி பாலு

இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஒரே தொகுதியில் வழக்கு நடத்தியவரும், குற்றவாளிக்கூண்டில் நின்றவரின் பேரனும்!

---

பழைய பேப்பர்

ராஜத்துரோகம் என்றால் கால்வேயில் அதோடு நிற்கவில்லை. எம்.பி.யாக ஜெயித்தபிறகு அதே குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை வாங்கியவரும் உண்டு. ஆர்தர் லிஞ்ச். வக்கீல் சார் எழுதினால்தான் அது நன்றாக இருக்கும்.

---

வக்கீல் ராமானுஜம்

எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

1900 பொதுத்தேர்தலில் கால்வே ஒரு குண்டைப் போட்டது. மார்ட்டின் மாரிஸ் என்ற யூனியனிஸ்ட், அதாவது பிரிட்டனோடு இணைப்பு நீடிக்க வேண்டும் என்பவர், ஜெயித்தார். தேசியவாதம் கொதிக்கிற மேற்கில், கத்தோலிக்க ஊரில்! ஆனால் மாரிஸ் குடும்பம் பக்கத்து ஸ்பிட்டலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். அப்பா மைக்கேல் மாரிஸ் 1865-ல் இதே தொகுதி எம்.பி., பிறகு அயர்லாந்தின் தலைமை நீதிபதி. கால்வே உச்சரிப்பைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளாத மனிதர். சித்தப்பா ஜார்ஜும் முன்னாள் எம்.பி. கட்சியைவிட வீட்டுக்கு விழுந்த வாக்கு அது.

1901-ல் அப்பா இறந்ததும் மார்ட்டின் பிரபுப் பட்டம் பெற்று மேல்சபைக்குப் போய்விட்டார். இடைத்தேர்தல். யூனியனிஸ்ட் தரப்பில் சர் ஹொரேஸ் பிளங்கெட். அயர்லாந்துக் கூட்டுறவு இயக்கத்தின் தந்தை, பால் பண்ணைச் சங்கங்களைக் கட்டியவர், விவசாயத் துறையை நடத்திக்கொண்டிருந்தவர். கால்வே போன்ற ஏழை ஊருக்கு இவரைவிட உருப்படியான ஆள் கிடைக்க மாட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

எதிரே ஆர்தர் லிஞ்ச். ஆஸ்திரேலியாவில் பாலரட் பக்கம் பிறந்தவர். பொறியாளர், பத்திரிகையாளர், பிற்பாடு மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டனுக்கு எதிராக டிரான்ஸ்வால் பக்கம் நின்று இரண்டாவது ஐரிஷ் படையை நடத்திய கர்னல். தேர்தல் சமயத்தில் அவர் பாரிஸில் இருக்கிறார். பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்தால் கைது. ஊருக்கே வராமல் 1,247 வாக்கு. பிளங்கெட்டுக்கு 473.

1902 ஜூனில் இங்கிலாந்துக்கு வந்து இறங்கியதும் பிடித்தார்கள். 1903 ஜனவரியில் விசாரணை. அரசுத் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர் எட்வர்ட் கார்சன், பின்னாளில் அல்ஸ்டர் யூனியனிஸ்ட்களின் தலைவர். லிஞ்ச் தரப்பு வாதம் சுவாரசியமானது: போர் நடக்கும்போதே நான் டிரான்ஸ்வால் குடியுரிமை வாங்கிவிட்டேன், ஆகவே நான் பிரிட்டிஷ் குடிமகன் இல்லை, எனக்கெங்கே துரோகம்? நீதிமன்றம் அதைத் தலைகீழாகத் திருப்பியது. போர்க்காலத்தில் எதிரி நாட்டின் குடியுரிமை வாங்குவதே துரோகம் என்றது. சட்டப் படிப்பில் இன்றும் வரும் தீர்ப்பு.

தூக்குத் தண்டனை, உடனே ஆயுளாகக் குறைப்பு, ஓராண்டில் விடுதலை, 1907-ல் முழு மன்னிப்பு. 1909-ல் மேற்குக் கிளேர் எம்.பி. கடைசி வேடிக்கை: 1918-ல் இதே மனிதருக்குப் பிரிட்டிஷ் ராணுவம் கர்னல் பட்டம் கொடுத்து அயர்லாந்தில் படைக்கு ஆள் சேர்க்கச் சொன்னது.

---

ஒற்றை_வாக்கு

1886-ல் ஊருக்குள்ளேயே இருந்த லிஞ்சுக்கு 54. 1901-ல் பாரிஸில் இருந்த லிஞ்சுக்கு 1,247. கால்வேயில் ஜெயிக்க ஊருக்கு வராமல் இருப்பதுதான் நல்லது போல.

---

சால்ட்ஹில் சரவணன்

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த லிஞ்ச் கால்வேக்குப் புதிது இல்லை. 1892-லேயே, கட்சி இரண்டாக உடைந்தபின், பார்னெல் அணி வேட்பாளராக இங்கே நின்று கொஞ்ச வாக்கில் தோற்றவர். தோற்கடித்தவர் ஜான் பிங்கர்ட்டன், வடக்கே ஆன்ட்ரிம் மாவட்டத்துப் புராட்டஸ்டன்ட் விவசாயி. ஓஷே போனபின் 1886 முதல் 1900 வரை கால்வே எம்.பி. அவர்தான். நாட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒன்றும் இல்லை. கட்சி அனுப்பியது, ஊர் ஏற்றது.

லிஞ்ச் சிறைக்குப் போனதும் 1903-ல் வந்தவர் சார்ல்ஸ் ராம்சே டெவ்லின். கனடாக்காரர், அங்கே ஏற்கெனவே எம்.பி.யாக இருந்தவர். அயர்லாந்துக்கு எதற்கு வந்தார் தெரியுமா? கனடாவில் குடியேற ஆள் சேர்க்கும் கமிஷனராக! வேலையில்லாமல் பாதி ஊர் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த கால்வேக்கு, கப்பலேற்றிவிடும் அலுவலர் எம்.பி. 1906-ல் அவரும் ராஜினாமா செய்துவிட்டுக் கனடா அரசியலுக்கே திரும்பிப் போனார். அந்த இடத்துக்குத்தான் குவின் வந்தார்.

---

வக்கீல் ராமானுஜம்

ஆக நான் சொன்னது நிற்கிறதா இல்லையா? மான்செஸ்டர் வியாபாரி, ஓஷே, ஆன்ட்ரிம் விவசாயி, ஆஸ்திரேலியக் கர்னல், கனடா கமிஷனர், டப்ளின் எழுத்தாளர். மாரிஸ் குடும்பத்தைக் கழித்துவிட்டால், 1880-க்குப் பிறகு ஊர்க்காரர் என்று யாரைக் காட்டுவீர்கள்?

---

சால்ட்ஹில் சரவணன்

ஓஷேவை மட்டும் தனியாக வையுங்கள் சார். லீவரைக் கப்பலுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். லிஞ்சை லண்டன் முகத்தில் அறைவதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள், பிளங்கெட்டின் பால் பண்ணைகள் எல்லாம் தெரிந்தே. இரண்டிலும் ஊருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஓஷே விஷயத்தில்தான் ஊருக்கு எந்தக் கணக்கும் இல்லை. கேட்டது பார்னெல் என்பதால் கொடுத்தார்கள். அந்த 54 பேர் அப்போதும் கொடுக்கவில்லை. வேட்பாளரே விலகிய பிறகும் போய் அவர் பெயருக்கு எதிரே குத்திவிட்டு வந்தார்கள் பாருங்கள், அவர்களைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும்.

---

மீனா கோபால்

இடையில் ஒரு கேள்வி. அயர்லாந்துத் தொகுதி ஒன்றை ஓர் இந்தியருக்குக் கொடுக்கலாம் என்று அந்தக் காலத்தில் பேச்சு இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். கால்வேக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

---

பழைய பேப்பர்

நேரடியாகத் தொகுதிக்கு இல்லை, ஆளுக்கு உண்டு. ஃபிராங்க் ஹியூ ஓ'டானல். கால்வே குவீன்ஸ் கல்லூரியில் படித்தவர். 1874 இடைத்தேர்தலில் கால்வே நகரத்தில் ஜெயித்தார், தேர்தல் வழக்கில் இடம் பறிபோனது. பிறகு 1877 முதல் 1885 வரை டங்கார்வன் எம்.பி. இந்திய விவகாரங்களை நாடாளுமன்றத்தில் விடாமல் கிளப்பியவர்களில் முக்கியமானவர். ஐரிஷ், இந்தியக் கோரிக்கைகள் ஒன்றாகச் சேர வேண்டும் என்பது அவர் கனவு. தாதாபாய் நௌரோஜிக்கு ஓர் ஐரிஷ் இடம் கொடுக்கலாம் என்று லேண்ட் லீக் என்ற விவசாயிகள் இயக்கத்தை நிறுவிய மைக்கேல் டேவிட், பார்னெலிடம் சொல்லிப் பார்த்தார். பார்னெல் பிடிகொடுக்கவில்லை. நௌரோஜி 1892-ல் லண்டனின் மத்திய ஃபின்ஸ்பரியிலிருந்து சொந்த முயற்சியில் நாடாளுமன்றத்துக்குள் போனார்.

இதே ஓ'டானல் பார்னெலுக்கு வேறு ஒரு தலைவலியையும் கொடுத்தார். பார்னெல் பெயரில் போலிக் கடிதங்களை வெளியிட்ட 'டைம்ஸ்' பத்திரிகைமேல் 1888-ல் தன் மானம் போனதாக வழக்குப் போட்டுத் தோற்றார். அதில் கிளம்பிய புழுதியில்தான் பார்னெல்மேல் வந்த புகார்களை விசாரிக்கும் பார்னெல் கமிஷனே அமைந்தது. 1889-ல் ரிச்சர்ட் பிகட் என்பவர் அந்தக் கடிதங்களைப் போலியாக எழுதினார் என்று அம்பலமாகிப் பார்னெல் நிரபராதியாக வெளியே வந்தார்.

---

வாக்குச்சாவடி பாலு

வெளியே வந்த அதே ஆண்டுக் கடைசியில் ஓஷே விவாகரத்து வழக்கைப் போடுகிறார். கால்வே சீட்டுக்கு அப்புறமும் மூன்று வருஷத்துக்கு மேல் சும்மா இருந்த மனிதர் ஏன் அப்போது போட்டார்?

---

செண்பகம் டீச்சர்

பணம், பாலு. கேத்தரினுக்கு ஒரு பணக்காரப் பெரியம்மா இருந்தார், எல்தமில். தொண்ணூறைத் தாண்டியவர். அவர் சொத்து வரும்வரை ஊர் வாயில் விழக் கூடாது என்று மூன்று பேருக்குமே அக்கறை. 1889-ல் அந்த அம்மா இறந்தார், சொத்து முழுக்கக் கேத்தரின் பெயருக்கு, கணவர் தொட முடியாதபடி. டிசம்பர் 24 அன்று ஓஷே மனுப் போட்டார். 1890 நவம்பரில் தீர்ப்பு. டிசம்பரில் கட்சி உடைந்தது. 45 பேர் வெளியேறினார்கள். கால்வேயில் அடங்கிப்போன ஹீலிதான் இந்தமுறை எதிரணியின் நாக்கு. 1891 அக்டோபரில் பார்னெல் இறந்தார், வயது 45.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: மிரட்டல் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஓஷே மூலமாக லிபரல் தலைவர்களில் ஒருவரான சேம்பர்லினோடு பேச்சை உயிரோடு வைத்திருக்க முடியும் என்ற அரசியல் கணக்கும் பார்னெலுக்கு இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு மட்டுமே இருந்திருந்தால் ஓஷேவை உறுதிமொழியில் கையெழுத்துப் போடச் சொல்வதில் என்ன கஷ்டம்? சொல்ல முடியாத நிலையில் தலைவர் இருந்தார் என்பதுதான் கால்வேயில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. ஹீலி அதை மறக்கவே இல்லை.

---

ஒற்றை_வாக்கு

தொகுதி கடைசியில் என்ன ஆயிற்று?

---

சால்ட்ஹில் சரவணன்

1918 மறுசீரமைப்பில் தனி நகரத் தொகுதி ஒழிந்தது. நகரம் கானமாரா தொகுதியோடு சேர்ந்தது. குவின், ஐம்பது வயதைத் தாண்டி 1915-ல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து கானாட் ரேஞ்சர்ஸ் படையோடு பிரான்சில் போரிட்டவர், அந்தத் தேர்தலில் டப்ளின் பல்கலைக்கழகத் தொகுதிக்குப் போய்த் தோற்றார். கானமாராவில், தனி நாடு கேட்ட சின் ஃபெயின் கட்சியின் போட்ரிக் ஓ மாலியா ஜெயித்தார். வக்கீல் சார், குறித்துக்கொள்ளுங்கள்: இவர் அசல் கானமாரா ஆள்.

---

பழைய பேப்பர்

அந்த ஓ மாலியா 1922 டிசம்பரில் டப்ளினில் சுடப்பட்டுக் காயத்தோடு தப்பியவர். கூட இருந்த ஷான் ஹேல்ஸ் செத்துப்போனார். அடுத்த நாள் காலையில் அரசு நாலு கைதிகளைச் சுட்டுக் கொன்று பழிதீர்த்தது...

---

நெறியாளர்

உள்நாட்டுப் போருக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே நகரத் தொகுதிகள் மட்டும். கில்கென்னி பற்றி எழுத யாராவது இருக்கிறீர்களா?

---

வக்கீல் ராமானுஜம்

நான் எழுதுகிறேன். கத்தோலிக்கர் உரிமைக்குப் போராடிய டேனியல் ஓ'கானல் ஒரு வருஷம் அங்கே ஒதுங்கியிருந்த கதையிலிருந்து தொடங்கலாம். அவரும் வெளியூர்தான், சரவணன்.